சவரியம்மாள் உட்கார்ந்தாள்

பேர் என்னவோ நல்லடக்கச் சங்கம். அதிலும் இரண்டு வகுப்பு. நிலம் வைத்திருந்த குடும்பங்கள் மூல உறுப்பினர். அவர்கள் வயலில் நடவு நட்டவர்கள் சாதாரண உறுப்பினர். செத்த பிறகுமா என்று கேட்காதீர்கள், அங்கேதான் வித்தியாசம் அதிகம். ஆனால் எந்தப் புண்ணியவானோ சங்க விதியில் ஒன்று எழுதிவிட்டுப் போயிருந்தான். சாதாரண உறுப்பினரின் உரிமையில் கைவைக்கிற எந்தத் திருத்தத்துக்கும் அவர்களே தனியாக ஓட்டுப் போட்டு, பாதிக்குமேல் சரி என்று சொல்ல வேண்டும்.

போன வருஷம் சொன்னார்களே! எப்படித் தெரியுமா? "ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றார் செயலாளர் ஜெக்கரியா. மிராசுதார் எதிரே உட்கார்ந்து பழகாத ஜனம், ஆரம்பத்திலிருந்தே சுவரோரம் நின்றுகொண்டுதான் இருந்தது. அத்தனை பேரும் ஆதரவு என்று எண்ணி முடித்துவிட்டார். சங்கத்தின் சவ வண்டி அன்றோடு மூல உறுப்பினருக்கு மட்டும் என்றானது. அடுத்த மாதமே சவரியம்மாளின் புருஷன் அடைக்கலசாமி போய்ச் சேர்ந்தார். கொட்டுகிற மழையில், சேற்றில், தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

மன்னார்குடிப் பக்கம் கூலிச் சண்டை ஓயாத காலம் அது. கோட்டையில் ஆட்சி மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. சங்கக் கூடத்தில் மட்டும் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள்.

இந்த வருஷத் திருத்தம் கல்லறை மேட்டைப் பற்றியது. இனி மேடு மூல உறுப்பினருக்கு. மற்றவர்களுக்கு வாய்க்காலோரப் பள்ளம். ஐப்பசியில் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். அடைக்கலசாமி மேட்டில்தான் கிடக்கிறார். அவருக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும், அது ஒன்றுதான் சவரியம்மாளுக்கு மிச்சமிருந்த ஆசை. வேறு எதற்கும் ஆசைப்பட அவளிடம் தெம்பில்லை.

விடியலில் இறங்கி நாற்றுப் பறித்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வந்திருந்தாள். ஜெக்கரியா திருத்தத்தை வாசித்தார். "ஆதரிக்கிற சாதாரண உறுப்பினருங்க எழுந்து நில்லுங்க."

சவரியம்மாள் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சங்கத் தலைவர் பெரியநாயகசாமி திரும்பிப் பார்த்தார். அவர் வயலில்தான் அவளுக்கு வேலை. குரலில் தேன் வழிந்தது. "என்ன சவரி, கால் வலியா? வலின்னா வெளியே போயி உக்காரு."

அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். நாளைக்கு நடவு வேறு இருந்தது.

"கால் வலி இல்லீங்க. வேண்டாம்னு சொல்லத்தான் உக்காந்தேன்."

"என்னக்கா இது!" என்று முணுமுணுத்தாள் பக்கத்தில் நின்ற அருள்செல்வி. கொஞ்ச நேரம் விரலைக் கடித்துக்கொண்டு நின்றவள், பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு தானும் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக, தலைவர் முகத்தைப் பார்க்காமல், சுவரோரத்தில் பாதிக்குமேல் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெக்கரியா திரும்பத் திரும்ப எண்ணினார். எண்ணினால் மாறிவிடுமா? திருத்தம் தோற்றது.

நாளைக்கு நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று சவரியம்மாளுக்குத் தெரியும். கூட்டம் கலைந்தும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அருள்செல்விதான் கைகொடுத்துத் தூக்கினாள்.

"கால் வலிக்குதாக்கா?"

"உயிரே போவுதுடி" என்றாள் சவரியம்மாள்.