ஐந்து கதைகளுக்கு ஓர் அம்மா

மைக்கை வாயருகே கொண்டுபோய் சீனு இரண்டு முறை ஊதுகிறார். விவேக் நகரின் முந்நூற்றுச் சொச்சம் வீடுகளில் அந்த ஊதல் புயற்காற்றாகக் கேட்கிறது. பிறகு ஒரு செருமல். பிறகு குரல்.

"எல்லாரும் சாப்ட்டாச்சா? வால்யூம் சொல்ப ஜாஸ்தி வெச்சிக்கோங்க. குக்கர் வெச்சிருக்கிறவங்க இப்பவே எறக்கிடுங்க. அப்புறம் விசில்ல டைலாக் கேக்கலன்னு எனக்கு போன் பண்ணக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு உள்ளூர் கேபிள் சேனலில் ஆங்கிலப் படம் தொடங்கும் முறை இது. படத்தில் வருகிறவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அவர்கள் குரலைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மேலே சீனு தமிழில் பேசுவார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அவருடைய வேலை இதுவல்ல. கேபிள் நடத்துகிற கிருஷ்ணப்பாவிடம் கம்பம் ஏறி வயர் இணைப்பதுதான் வேலை. வயது நாற்பத்திரண்டு. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் டெஸ்டர் வைத்திருப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த கால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் நிற்கிறது. அறுந்த செருப்பு வாரையும் அதே டேப்தான் காப்பாற்றுகிறது. அவரிடம் உள்ள பொருள்களில் டேப் சுற்றாதது மைக் ஒன்றுதான். அதை ஒரு மஞ்சள் துணியில் பொதிந்து வைத்திருக்கிறார்.

ஆங்கிலம் அவர் வீடியோ கேசட் அட்டைகளில் கற்றது. "ஜனங்களுக்குப் புரியாத படத்தப் போட்டு உக்கார வைக்கிறது பாவம்ணா" என்று கிருஷ்ணப்பாவிடம் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் பதவியைத் தானே உண்டாக்கி, தானே விண்ணப்பித்து, தன்னையே தேர்ந்தெடுத்துக்கொண்டார். போட்டிக்கு ஆள் இல்லாததால் தேர்வு நேர்மையாக நடந்தது.

மைக் வந்த பிறகு ஒரு மாற்றம் ஏற்பட்டது. அதற்கு முன்பு கம்பத்தின் மேல் இருக்கிறவரைப் பார்த்துத் தெருவில் "ஏ கேபிள்" என்று கூப்பிடுவார்கள். இப்போது "சீனு சார், கொஞ்சம் எறங்கி வாங்க, காபி ஆறுது" என்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கம்பம் ஏறிக் கிடைக்காத "சார்", பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்துவிட்டது.

அவரிடம் ஒரு கொள்கை உண்டு. படத்தில் யார் செத்தாலும் செத்தார் என்று சொல்லமாட்டார். "லீவு நாளு, சோறு தின்னுட்டு காலை நீட்டி உக்காந்திருக்காங்க. அவங்ககிட்டப் போயி சாவுன்னு சொல்றதா?" சுடப்பட்டவர்கள் மயங்குவார்கள். மலையிலிருந்து விழுந்தவர்கள் ஊருக்குப் போவார்கள். துப்பாக்கிப் படங்களில் இந்தக் கொள்கை ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மழைக்காலத்தில் அந்தப் பிரிட்டிஷ் பேய்ப்படம் வந்து சேர்ந்தபோதுதான் சிக்கல்.

கேசட்டின் அட்டை தொலைந்துபோயிருந்தது. படம், ஏதோ படக்கதைப் புத்தகத்தில் வந்த ஐந்து தனித்தனிக் கதைகளைச் சேர்த்து எடுத்தது. தொடக்கத்தில் ஒரு கை அந்தப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டும். சீனு இதற்குத் தயங்கவில்லை. "இது அவங்க குடும்ப ஆல்பம். அந்தக் காலத்துல கேமரா இல்லாததால வரைஞ்சு வெச்சிருக்காங்க." அடுத்த காட்சி ஒரு போட்டோ ஸ்டுடியோ. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு கேமரா நின்றது. சீனு அதைக் கண்டுகொள்ளவில்லை.

லண்டனில் மழை கொட்டுகிறது. முன்பின் தெரியாத ஐந்து பேர் ஸ்டுடியோவில் நாற்காலிகளில் காத்திருக்கிறார்கள். ஒரு வக்கீல், சிவப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி, ஒரு ராணுவ அதிகாரி, ஒரு டாக்டர், வயலின் வைத்திருக்கும் ஓர் இளைஞன். ஒவ்வொருவரும் செய்த பாவமும் அதற்குக் கிடைத்த கோரச் சாவும் ஒவ்வொரு கதை. விவேக் நகரில் பிறந்த யாருக்கும் அந்த ஸ்டுடியோ காட்சி ஒன்றைத்தான் சொல்லும். நன்றாக உடுத்திக்கொண்டு, முகத்தில் சிரிப்பில்லாமல் ஐந்து பேர் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தால் அது குடும்ப போட்டோ. சீனுவும் அப்படியே அறிவித்தார். வக்கீல் பெரியவன். வயலின்காரன் கடைக்குட்டி.

குடும்பம் என்றால் அம்மா வேண்டும். முதல் கதை தொடங்குமுன் கூடையோடு ஒரு மூதாட்டி ஸ்டுடியோ வாசலில் வந்து சர்ச்சுக்கு வழி கேட்டுவிட்டுப் போவாள். மொத்தம் பதினொரு விநாடி. அவளை சீனு அம்மாவாக்கினார். "பாத்தீங்களா, பெத்த தாய் வாசல்ல நிக்கிறாங்க. அஞ்சுல ஒண்ணுகூட எந்திரிக்கல."

வாரம் ஒரு கதையாகப் போட்டார். முதல் வாரம் வக்கீலை மரத்தின் வேர்கள் சுற்றி மண்ணுக்குள் இழுத்துப்போயின. "பெரியவரு தங்கவயல் பக்கம் சுரங்க வேலைக்குப் போயிட்டாரு." இரண்டாம் வாரம், சிவப்புக் கோட்டுப் பெண் கொன்று புதைத்த கணவன் முகமெல்லாம் மண்ணோடு வீட்டுக் கதவைத் தட்டினான். "கடைசி பஸ்ஸ விட்டுட்டு நடந்தே வந்திருக்காரு பாவம். இந்தம்மா கதவத் தெறக்க மாட்டேங்குது." மூன்றாம் வாரம் ராணுவ அதிகாரி கற்சிலையாக மாறினார். "கோவத்துல பேசாம நிக்கிறாரு." நான்காம் வாரம் டாக்டரின் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் மிஞ்சவில்லை. சீனு அதை ரத்ததானம் என்றார்.

அம்மா மறுபடி வரவேயில்லை. ஊர் அவளுக்காகக் காத்திருந்தது. மூன்றாவது கிராஸ் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் யூனிஸ் வாரம் தவறாமல் போன் செய்தாள். சொந்த அண்ணனோடு ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு ஆறு வருடமாகப் பேசாதவள் அவள். "அந்தப் பெரியவன் அம்மாகிட்ட மன்னிப்புக் கேப்பானா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க சீனு சார்."

விஷயம் மௌரீன் டீச்சரின் வகுப்பு வரை போனது. ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவர். பார்த்த படத்தைப் பற்றி எழுதச் சொன்னதற்குப் பத்தொன்பது பேர் தங்கவயலுக்குப் போன லண்டன் வக்கீலைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர் கல்லூரி நாட்களில் தியேட்டரில் பார்த்த படம் அது. ஐந்தாவது ஞாயிறு மதியம், நோட்டுக் கட்டோடு, சேனல் நடக்கும் கிருஷ்ணப்பாவின் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

"இவர் சொல்றது ஒண்ணுகூட படத்துல கிடையாது சார். அஞ்சும் தனிக்கதை. குடும்பமும் இல்ல, அம்மாவும் இல்ல."

சீனு மஞ்சள் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "தனித்தனின்னா ஏன் டீச்சர் ஒண்ணா போட்டோக்கு உக்காந்திருக்காங்க?"

"அவங்கவங்க போட்டோவ எடுக்க வந்திருக்காங்க."

"தனி போட்டோவுக்கு யாராவது அவ்ளோ டிரஸ் பண்ணுவாங்களா? பாஸ்போர்ட் சைஸுக்கு டை இருந்தா போதும். அதுவும் ஸ்டுடியோக்காரன் குடுப்பான்."

கிருஷ்ணப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வாடிக்கையாளர் புகார் என்றால் தெரியும். "ஏனப்பா சீனு, ஸ்கூல் வரைக்கும் போயிருக்கு. டீச்சர் சொல்றது நிஜம்னா இன்னைக்கே மைக்கப் பிடுங்கிடுவேன். எனக்கு இந்தத் தலைநோவே பேடா, வேணாம்பா. நீ வயர் மட்டும் பாரு."

"கடைசில எழுத்து ஓடும் சார்" என்றார் டீச்சர். "ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு ஒவ்வொரு கதைலயும் நடிச்சவங்க பேர் தனித்தனியா வரும். நீங்களே பாருங்க."

"நம்பர் நல்லாத் தெரியும் டீச்சர்" என்று கிருஷ்ணப்பா நாற்காலியை டிவிக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

சீனு ஊதினார். ஒரே ஒரு முறைதான். குக்கரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கடைக்குட்டியின் கதை ஓடியது. இறந்த குருவின் வயலினைத் திருடியவன் அவன். வாசிக்க வாசிக்கத் தந்தி நீண்டு அவன் கழுத்தைச் சுற்றத் தொடங்கியது. "அம்மா சொல்லிக் குடுத்த பாட்ட வாசிக்கிறான்" என்றார் சீனு. அவர் குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை. நடுவில் போன் மணி அடித்தது. பக்கத்தில் இருந்த டீச்சர் எடுத்தார்.

"சீனு சார் பேசிட்டிருக்காருன்னு தெரியும், நீங்க யாரா இருந்தாலும் பரவால்ல" என்றது யூனிஸின் குரல். "அம்மா இன்னைக்காவது வருவாங்களா? எங்கண்ணன் வந்து உக்காந்திருக்கான். அவன் வீட்டு டிவில படம் ஆடுதாம். அவனும் கேக்குறான்."

டீச்சர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "பாருங்க யூனிஸ்" என்றார் கடைசியில். "இன்னும் முடியல."

படத்தின் இறுதிக் காட்சி வந்தது. இருட்டறையில் போட்டோக்காரர் கழுவியெடுத்த படத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். அதில் ஐந்து நாற்காலிகள் மட்டும் இருக்கின்றன. ஐந்திலும் ஆள் இல்லை. அத்தனை பேரும் எப்போதோ செத்தவர்கள் என்பது அர்த்தம்.

கிருஷ்ணப்பா திரும்பிப் பார்த்தார். சீனு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு நாற்காலிகளை எண்ணுகிறவர்போலப் பார்த்தார்.

"யாரும் இல்ல, பாத்தீங்களா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "போட்டோக்காரரு ஒன், டூன்னு சொல்லும்போதே பெரியவரு எந்திரிச்சிட்டாரு. அம்மா மழைல நடந்து போயிட்டிருக்காங்கன்னு ஞாபகம் வந்திருச்சு. அவரு எந்திரிச்சதும் தங்கச்சி எந்திரிச்சா. அப்புறம் எல்லாரும். பட்டன் அமுக்குற நேரத்துக்கு ஸ்டுடியோவுல ஒருத்தர்கூட இல்ல. போட்டோ போனா போகுது. அம்மாவப் புடிச்சிட்டாங்க, சர்ச் வாசல்ல. கூடைய வாங்கி கடைக்குட்டி தூக்கிக்கிட்டான்."

போனில் யூனிஸின் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது அவளுடையது மட்டுமல்ல.

திரை கறுத்தது. கீழேயிருந்து வெள்ளை எழுத்துகள் ஏறத் தொடங்கின. முதலில் பெரிதாக ஒன்று என்ற எண். கிருஷ்ணப்பா முழங்காலில் கைகளை ஊன்றி முன்னால் குனிந்தார். சீனு மைக்கை மஞ்சள் துணியில் வைத்தார். ஆனால் பொதியவில்லை.

மௌரீன் டீச்சர் போனை வைத்துவிட்டு எழுந்தார். நேராகப் போய் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சேலைத் தலைப்பை அகலமாக விரித்து மடிப்புச் சரிசெய்யத் தொடங்கினார். கிருஷ்ணப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார். டீச்சரும் அந்தப் பக்கமே நகர்ந்தார்.