கல்யாணி தன் முதுகுக்கு வெட்டிய மெத்தை

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் போன் அடித்தது. சூப்பிரண்டு எடுத்துக் கேட்டுவிட்டு, "நம்ம கல்யாணி போயாச்சாம்" என்றார். டைப்பிங் செக்‌ஷனில் எல்லா மிஷின்களும் நின்றன. நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்னும் தணியவில்லை. அவளோடு வேலை பார்த்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவள் எப்படிப் போனாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சின்ன வயதில் விழுந்ததில் கல்யாணிக்கு முதுகு ஒரு பக்கமாக வளைந்து கூனல் விழுந்திருந்தது. பதினான்கு வருஷம் நான் அவள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தேன். வலி என்று சொல்லி ஒரு நாள் லீவு எடுத்தவளில்லை. பிறகு பஞ்சு மெத்தையில் படுக்கவே முடியாது என்ற நிலை வந்தது. ஸ்ரீவராகத்தில் அவள் அண்ணா வீட்டில்தான் இருந்தாள். அவரும் நாங்களுமாகச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஃபோம் மெத்தைக் கடைக்குப் போனோம். ஷீட்டாகக் கிடைத்தால் வீட்டிலேயே வெட்டிக்கொள்கிறேன் என்று கல்யாணி கேட்டதற்கு, கடைக்காரர் அண்ணாவிடமே மலையாளம் கலந்து பதில் சொன்னார்.

"ரெடிமேட் எடுத்தா மதி சாரே, அது போதும். வீட்டில உண்டாக்கினா சரியாவில்லா."

"படுத்துக்கப்போறது நானாக்கும். என்கிட்ட சொல்லுங்கோ" என்றாள் கல்யாணி. சொன்னதோடு நிற்காமல், நாலு பேர் பார்க்கக் கடை நடுவிலேயே அந்த மெத்தையில் படுத்தும் பார்த்தாள். கூனல் முட்டியது, தோள்கள் அந்தரத்தில் நின்றன. "இது நேரான முதுகுக்கு உண்டாக்கினது" என்று எழுந்துவிட்டாள். அண்ணாவுக்கு மானம் போயிற்று. "ஊரெல்லாம் படுக்கறதுல உனக்கு மட்டும் என்ன கேடு?" என்றார். அன்றே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போனது.

கெட்டியாக ஒன்று, மிருதுவாக ஒன்று என்று இரண்டு ஃபோம் ஷீட்டுகளை மட்டும் வாங்கிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் தரையில் வெள்ளைத் தாள்களை ஒட்டி விரித்து, மேலே கார்பன் தாள்களைக் கவிழ்த்து, ஒரு வேட்டியைப் போட்டு, அதன்மேல் மல்லாந்து படுத்தாள். "அழுத்தினா காப்பி விழும். டைப்பிஸ்டுக்கு இது தெரியாதா?" என்றாள். அழுத்தம் விழுந்த இடமெல்லாம் கறுப்பாகப் பதிந்தது. கூனல் பதிந்த இடத்தில் குழி வெட்டி மிருதுவான ஃபோமை வைப்பது ஏற்பாடு. நான் தாளைத் திருப்பிப் போட்டு, குழியை இடம் வலம் மாற்றி வெட்டிவிட்டேன். "பதினாலு வருஷமாச்சு, இன்னும் உனக்குத் தாளோட முன்பக்கம் தெரியலை" என்று திட்டிவிட்டு, மறுபடி ரொட்டிக் கத்தியால் அவளே வெட்டி, சைக்கிள் கடை சொல்யூஷனால் ஒட்டினாள். மறுநாள் முதல் முறையாக ஆபீஸுக்கு லேட்டாக வந்தாள். தூங்கிவிட்டாளாம்.

போன மாதம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தாள். சனிக்கிழமை நான் பார்க்கப் போனபோது தரையில் கிடந்தாள். இழுப்பு வந்ததும் முடிந்துவிட்டது என்று அண்ணா இறக்கச் சொல்லிவிட்டார். "மெத்தைமேல பிராணன் போகப்படாது. சாஸ்திரமாக்கும்" என்றார். பிராணன் போகவில்லை. நினைவும் போகவில்லை. கையெட்டும் தூரத்தில் கட்டிலில் அவள் மெத்தை காலியாகக் கிடந்தது.

"என்னை மேலே போடச் சொல்லுடி. முதுகு பிளக்கறது" என்றாள்.

நான் கெஞ்சினேன். "இறக்கினவாளை மறுபடி ஏத்தற வழக்கமில்லை" என்றார் அவர். குனிந்து அவள் தோளுக்கடியில் கை கொடுத்தேன். அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்து விலக்கினார்கள். நான் கத்தியிருக்க வேண்டும்; கத்தவில்லை. அடுத்தவர் வீடு என்று மரியாதை பார்த்து வந்துவிட்டேன். வெறும் தரையில், அந்த முதுகோடு, மூன்று நாள் கிடந்தாள். அவர்கள்மேல் இருக்கும் கோபத்தில் பாதி என்மேலும் இருக்கிறது.

மெத்தையைக் கொல்லையில் எறிந்துவிட்டார்கள். மழையில் ஊறிக் கிடந்ததைப் பார்த்தேன். என்னிடம் மிஞ்சியது அந்தக் கார்பன் காப்பி. தோள்களும் கூனலும் இடுப்பும் கறுப்பாகப் பதிந்த தாள். நேற்று அதன் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் போடவைத்தேன்: "என் மூச்சு நிற்கும்வரை என்னை மெத்தையிலிருந்து இறக்கக் கூடாது."