மருமகளின் பரீட்சையும் செவ்வரளியும்

என் பேத்தி அரளிப்பூவைத் தின்றுவிட்டாள் என்று நான் நம்பினேன். இத்தனைக்கும் தோவாளைச் சந்தையில் இருபத்தைந்து வருடமாகப் பூ விற்கிறவன் நான்.

மருமகள் எம்.எஸ்சி. தாவரவியல் சேர்ந்ததும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வேலை மாறியது. மகன் சோறு வடித்தான். என் மனைவி மருமகளிடம் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒன்றரை வயதுப் பேத்தி என் பொறுப்பு.

கடைசிப் பரீட்சை அன்று நானும் பேத்தியும் மட்டும்தான் வீட்டில். பூப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனேன். திரும்பி வந்தால், பையைக் கவிழ்த்து வாய் நிறையச் சிவப்பு இதழ்களை மென்றுகொண்டிருந்தாள். பையில் செவ்வரளியும் இருந்தது. அது விஷம்.

பிள்ளையோடு ஆட்டோவில் பாய்ந்து ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் கல்லூரி. என் மகா புத்தி அங்கே இறங்கச் சொன்னது.

"எம் மருமவள வெளிய விடுங்க, பிள்ள அரளி தின்னுட்டு!" என்று வாட்ச்மேனிடம் கத்தினேன்.

மருமகள் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். பிள்ளையின் வாயிலிருந்து இதழை எடுத்து மோந்து பார்த்தாள்.

"மாமா, இது ரோஜால்லா!"

"நல்லா பாரு மக்கா."

"அரளின்னா நேரே ஆஸ்பத்திரிக்குல்லா போவணும்? இங்க எதுக்கு வந்திய?"

ஆஸ்பத்திரியிலும் காட்டினோம், பயமில்லை என்றார்கள்.

இப்போது பூப்பையைப் பரணில்தான் வைக்கிறேன். எது நடந்தாலும் கல்லூரிப் பக்கம் வரமாட்டேன் என்று மருமகளிடம் சத்தியமும் செய்திருக்கிறேன்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதியில் எழுந்து வந்தவளை மறுபடி அறைக்குள் விடவில்லை. அந்தத் தாளில் அவள் தோற்றுப்போனாள்.