அம்மாவைப் பொறுமைசாலி என்று சொல்லாதீர்கள்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் மூத்த மகளாகிய என் வணக்கம்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே சொல்லைத்தான் சொன்னீர்கள். பொறுமைசாலி. "எம்புட்டுக் கஷ்டம் வந்தாலும் வாயத் தொறக்காத மனுசி" என்றார்கள் சிலர். நல்ல மனதோடு சொன்னது என்று தெரியும். தம்பியும் அப்படியே எழுதச் சொன்னான். "அக்கா, படிக்கிறவுக மனசு நோகாம எழுதுக்கா. நெனவு மலர்ல போயி சண்டை எதுக்கு?" என்றான். உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அம்மா வாயைத் திறந்தவர். நன்றாகவே திறந்தவர். அவர் பேசிய இடங்களில் கேட்க வேண்டியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தால் அது அம்மாவுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

பேரையூருக்கு மேற்கே, மழையை நம்பிய கரிசல் காட்டு ஊர் ஒன்றில் அம்மா பிறந்தார். தாத்தாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் களையெடுத்தும் பருத்தி எடுத்தும் பிள்ளைகளை வளர்த்தார். அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே தண்ணீர்ப் பானையைக் காலனிப் பிள்ளைகள் தொடக் கூடாது. யாராவது மேலேயிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். ஒருநாள் ஊற்ற ஆள் இல்லை. தாகம் பொறுக்காமல் அம்மா தானே மோந்து குடித்துவிட்டார். பானையை வாசலில் போட்டு உடைத்தார்கள். அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. "ஒடச்சது அவுக, அடி வாங்குனது நானு" என்று அம்மா வயதான பிறகும் சொல்வார்.

அதே தாலுகாவில் இன்னோர் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா கிணறு வெட்டும் கூட்டத்தில் வேலை பார்த்தார். ஒரு தோட்டத்துக் கிணற்றில் பக்கச்சுவர் சரிந்து அப்பா மண்ணுக்குள் போனார். நான் நான்காம் வகுப்பு. தம்பிக்குப் பேச்சு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குச் சொந்தக்காரர் துக்கத்துக்குக்கூட எங்கள் தெருவுக்குள் வரவில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

கணவரை இழந்த பெண்களுக்கு முன்னுரிமை என்று சொல்லி, எங்கள் ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அம்மாவுக்குச் சமையலர் வேலை கிடைத்தது. முதல் நாள் விடியுமுன்பே குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனார். நான் அதே பள்ளியில் படித்ததால் அன்று நடந்ததை நேரில் பார்த்தேன்.

அம்மா சோறு வடித்து, சாம்பார் இறக்கி வைத்திருந்தார். மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தோம். அப்போது ஊர்த்தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஊரில் செல்வாக்கு உள்ள குடும்பத்து இளவட்டம். பெயர் வேண்டாம். படிக்கும்போது அவருக்கே தெரியும். தன் அண்ணன் மகன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். "எந்திரிங்கடா! இந்தச் சோத்தத் திங்கவா ஒங்கள அனுப்பி வச்சோம்?" என்று கத்தினார். ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் காலனிப் பிள்ளைகள் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம். அம்மா கையில் கரண்டியோடு நின்றார். பிறகு எங்களுக்குப் பரிமாறினார்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாள் யாரோ சாம்பாரில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். அம்மா அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் பருப்பு வேகவைத்தார். அப்போது சத்துணவு அமைப்பாளர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "இங்க பாரும்மா, நீ பாத்திரத்த மட்டும் கழுவு. ஒதவியாளரு சமைக்கட்டும். அவுக ஊர்த்தெரு ஆளு. பேருக்கு நீதான் சமையலரு. யாருக்கும் பிரச்சினை இல்ல."

"எனக்குப் பிரச்சினை இருக்கே சார்," என்றார் அம்மா. "சமைக்கத்தான் என்னைப் போட்டிருக்கு. சமைச்சிட்டுத்தான் போவேன். திங்கிறதும் திங்காததும் அவுக பாடு."

ஒன்றிய அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா நின்றார். இடுப்பில் தம்பி, கையைப் பிடித்துக்கொண்டு நான். வேறு பள்ளிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது என்று அதிகாரி சொன்னார். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? அந்தக் கேள்வியை அம்மா அங்கேயே கேட்டார். "அந்த ஊருலயும் இதத்தான் சொல்லுவாக. அப்புறம் நான் எங்க சார் போறது? ஊரே இல்லாத ஊருக்கா?" அதிகாரி மேசை மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார். சமாதானம் அதோடு முடிந்தது.

இந்த இடத்தில்தான் பேச்சியம்மாள் பெரியம்மா வருகிறார். ஊர்த்தெருக்காரர். அவர் கணவர் குடியில் விழுந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு மத்தியானம் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி முற்றத்துக்கு வந்தார். வாசலில் அன்றும் காவல் போல ஆண்கள் நின்றிருந்தார்கள்.

"எங்க போறவ?" என்று ஒருவர் மறித்தார்.

"எம்பிள்ளைக காலைல வெறும் நீச்சத்தண்ணியக் குடிச்சிட்டு வந்திருக்குக. இங்க நிக்கிறதுல யாரு வீட்ல இன்னைக்கு இதுகளுக்குச் சோறு போடுவீக? கையத் தூக்குங்க. இப்பயே கூட்டிட்டு வாரேன்."

ஒரு கைகூட எழவில்லை. பெரியம்மா உள்ளே வந்து பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் உட்கார வைத்தார். அம்மா பரிமாறினார். பெரியம்மா சின்னவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, வாசலில் நின்றவர்கள் பார்க்கும்படி தானும் சாப்பிட்டார். "உப்பு செத்த கம்மி தங்கச்சி" என்றார். அத்தனை நாள் அழாத அம்மா அப்போது அழுதுவிட்டார்.

அந்த ஒரு வாய்ச் சோற்றுக்குப் பெரியம்மா பட்டது கொஞ்சமல்ல. வீட்டில் அடி. தெருக்குழாயில் அவர் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். கடையில் சாமான் கொடுக்கவில்லை. அவருடைய சொந்தத் தெருவே அவரை விலக்கி வைத்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவரிடம் வரி வாங்கவும் மறுத்தார்கள். அம்மாவுக்காவது காலனி இருந்தது. பெரியம்மாவுக்கு யாரும் இல்லை. அம்மா இருட்டும் நேரம் தண்ணீர்க் குடத்தை ஊர்த்தெரு எல்லை வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். அங்கிருந்து பெரியம்மா எடுத்துக்கொள்வார்.

பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்தார்கள். ஊர் திருந்திவிட்டது என்று யாரும் இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அந்த ஆண்டு மழை பொய்த்தது, காட்டில் வேலை இல்லை, வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பசி அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். அப்படி வந்த பிறகும், கரண்டி தட்டில் படக் கூடாது, மேலேயிருந்து போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா ஒவ்வொரு தட்டிலும் கரண்டியை வேண்டுமென்றே ஒரு தட்டுத் தட்டித்தான் சோறு போட்டார். அந்தச் சத்தம் தெருவரை கேட்கும். இதையா பொறுமை என்கிறீர்கள்?

ஓய்வுபெறும்வரை அம்மா அங்கேயே சமைத்தார். அவர் கைச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் போலீசிலும் பட்டாளத்திலும் வாத்தியார் வேலையிலும் இருக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாக்களில், முன்பு தட்டைப் பிடுங்கிய அதே மனிதர் ஊர்ப் பிரமுகராக மேடையேறி, சத்துணவு சிறப்பாக நடப்பதற்காகப் பொன்னாடை போர்த்திக்கொண்டார். அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டவர் எவருமில்லை. கடைசி வேலைநாளில் சமையல்கூடத்துச் சாவியை ஒப்படைத்துவிட்டு, தனியாக நடந்து வீட்டுக்கு வந்தார். வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்து, "நன்றி கெட்டவனுக" என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

நான் ஆசிரியர் வேலையில் மதுரைக்கு மாறுதலாகி வந்தபோது, ஓய்வுபெற்றிருந்த அம்மாவையும் அழைத்து வந்தேன். தம்பி நாகமலை புதுக்கோட்டையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்தான். கோச்சடையில் வீடு தேடினோம். ஒரு வீடு எங்களுக்குப் பிடித்துப்போய், வீட்டுக்கார அம்மாவும் காபி கொடுத்துப் பேசினார். பேச்சுவாக்கில் சொந்த ஊர் கேட்டார். ஊரைச் சொன்னதும், ஊரில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னோம். மறுநாள் போனபோது, சொந்தக்காரர்கள் குடிவருவதாகச் சொன்னார். அம்மா அவரை நேராகப் பார்த்தார். "பொய் சொல்லாதீகம்மா. ஒங்களுக்குக் குடுக்க இஷ்டமில்ல, அம்புட்டுத்தான? நேத்தே சொல்லியிருந்தா இந்த வெயில்ல பிள்ளைகளக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டோம்ல." பட்டணத்தில் அதெல்லாம் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்தான். அம்மா நம்பியிருக்கவில்லை.

கடைசி இரண்டு ஆண்டுகள் மூச்சிரைப்பு அவரை வாட்டியது. ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர், "பாட்டி, புகை பிடிக்கிற பழக்கம் இருந்துச்சா?" என்று கேட்டார். "இருந்துச்சுய்யா," என்றார் அம்மா. "ஊருப்பட்ட பிள்ளைகளுக்காக அம்புட்டு வருசம் பிடிச்சேன். எல்லாம் வெறகடுப்புப் புகை." அம்மாவுக்கு முடியவில்லை என்று கேட்டதும் பேச்சியம்மாள் பெரியம்மா பஸ் ஏறி வந்தார். அம்மா போகும் நாள்வரை கட்டிலை விட்டு நகரவில்லை. கஞ்சியை ஆற்றி ஊட்டினார். "உப்பு போதுமா தங்கச்சி?" என்று கேட்டு ஊட்டினார்.

அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய அம்மாவை ஊருக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் அது நடந்தது. அந்தப் பிரமுகர் காரில் ஆள்களோடு வந்து இறங்கினார், ஆளுயர மாலையோடு. அப்பா செத்த அன்றைக்குத் தெருமுனையோடு நின்றுவிட்ட ஊர், இப்போது காலனிக்குள் மைக் செட்டோடு வந்தது. அவர் மைக்கைப் பிடித்துப் பேசினார். "பொறுமையின் சிகரம் இந்த அம்மா. சாதி பார்க்காம ஊருக்கே சோறு போட்டவுக."

நான் எழுவதற்குள், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்துவிட்டார்.

"அண்ணே, மைக்கக் கீழ வைங்க. சாதி பாக்காம சோறு போட்டாளா? அவ எங்கண்ணே பாத்தா? பாத்தது நீங்க. பிள்ளை கையில இருந்த தட்டப் புடுங்கி எறிஞ்சீகளே, அதச் சொல்லிட்டு அப்புறம் மால போடுங்க."

அவர், "நடந்தத எல்லாம் இப்பப் பேசணுமாத்தா? சாவு வீடு" என்றார்.

"சாவு வீட்லதான் பேசணும். இனி அவ வந்து பேசமாட்டால்ல."

அவர் மாலையை ஆள் கையில் கொடுத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இந்த மலருக்கென்று அவர் அனுப்பிய இரங்கல் செய்தியில் அதே "பொறுமையின் சிகரம்" இருந்தது. நாங்கள் அதை அச்சிடவில்லை. இந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்த தம்பி, "ஒரு வரியும் எடுக்காதக்கா" என்றான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் மூச்சை இன்னும் சில மாதங்கள் பிடித்துவைத்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. தோளில் சுமந்த தெருச் சொந்தங்களுக்கு நன்றி. ஊரையும் தெருவையும் கேட்காமல் எங்களுக்கு வீடு தந்து, அம்மா இறந்த அன்று தன் வீட்டிலும் உலை வைக்காத, கோச்சடையின் இன்னொரு வீட்டுக்காரருக்கு நன்றி. கருமாதியன்று எங்கள் வீட்டுப் பந்தியில், எங்களுக்கு நடுவில், தன் பேத்திகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பேச்சியம்மாள் பெரியம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் காலில் விழுந்து எழுந்தோம். அதுதான் முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பள்ளிக்கு இப்போது எங்கள் தெருப் பெண் ஒருவர் சமையலராகப் போயிருக்கிறார். அவரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி அதிகாரிகளுக்குப் போன் போவதாகக் கேள்விப்படுகிறோம். ஊர்த்தெருப் பிள்ளைகள் சிலர் டிபன் பாக்ஸ் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்களாம். அம்மாவின் சாவுக்கு மாலையோடு வந்த வீடுகளும் அதில் உண்டு.

அந்தப் பெண் நாளைக் காலையும் சமையல்கூடத்தைத் திறப்பார். உங்கள் பேரப்பிள்ளைகள் கையில் வெறும் தட்டைக் கொடுத்து அனுப்புங்கள். அம்மாவுக்கு வேறு அஞ்சலி எதுவும் எங்களுக்கு வேண்டாம்.