நெற்றிக் கட்டியும் அண்ணியின் மருவும்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது என் வலது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன மேடு தென்பட்டது. வலி இல்லை, அரிப்பு இல்லை. நான் வளர வளர அதுவும் வளர்ந்தது. ராயபுரத்தில் கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் தயாரிக்கும் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தபோது அரைநெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "இன்னாம்மா, எங்கனா இடிச்சிக்கினியா?" என்று கேட்காமல் இறங்க மாட்டார்கள். முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு, "ஆமாங்க, கதவுல" என்று சொல்லப் பழகிவிட்டேன். அவர்களுக்கும் அதுதான் திருப்தியாக இருந்தது.

அப்போது நான் திருவொற்றியூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்கு எண்ணூரில் ஃபாக்டரி வேலை. அண்ணி காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். மனதில் நினைத்ததை மனதோடு வைத்திருக்கத் தெரியாதவள். என் நெற்றியைக் காட்டி அண்ணனிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒருநாள் என்னிடமே திரும்பினாள்.

"உங்க அண்ணன் இன்னிக்கு நாளைக்குன்னுகினே இருப்பாரு. நீ லீவு போடு. நான் இட்டுக்கினு போறேன்."

லீவு போட்ட அன்று காலையில் எனக்குப் பயம் வரவேயில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகும் நாளில் வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்குமே, அதுதான் இருந்தது. அண்ணி எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலில் தோல் டாக்டர். வயதானவர். கட்டை விரலால் கட்டியை அழுத்தி, இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தார்.

"கொழுப்புக் கட்டிதான்மா. பயப்பட ஒண்ணுமில்ல. சர்ஜனைப் பாருங்க, எடுத்துடுவாங்க."

சர்ஜன் மாடியில் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார், பெண். முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"கீழ போய் பிளட் டெஸ்ட் குடுத்துட்டு வாங்க. எல்லாம் சரியா இருந்தா மத்தியானமே பண்ணிடலாம்."

"இன்னைக்கேவா டாக்டர்?"

"இன்னிக்கேதான்!" என்று அண்ணி சொன்னாள், கத்தி அவள் கையில் இருப்பதுபோல.

ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை புங்க மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சாதம் இறங்கவில்லை. சந்தோஷம் தொண்டைவரை நிறைந்திருந்தது. அண்ணியோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க நாத்தனாருக்கு இன்னிக்கு ஆபரேசன்" என்று கல்யாணச் சேதிபோல அறிவித்துக்கொண்டிருந்தாள். காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர் எனக்கு ஆசீர்வாதமே செய்துவிட்டார். மத்தியானம் நர்ஸ் வந்து, ரத்தமெல்லாம் சரியாக இருக்கிறது, மேலே வாருங்கள் என்று கூப்பிட்டபோது நான் படியில் ஓடினேன்.

சின்ன அறை. நடுவில் துளை போட்ட பச்சைத் துணியை என் முகத்தில் மூடினார்கள். துளை வழியாகக் கட்டி மட்டும் வெளியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஊசி சுருக்கென்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் நெற்றி என்னுடையதே இல்லை என்பதுபோல மரத்துப்போனது. அதன் பிறகு வலி இல்லை. கத்திரியின் டிக் டிக் சத்தம், உள்ளே எதையோ பிடித்து இழுக்கும் உணர்வு, அவ்வளவுதான்.

"வந்துடுச்சு" என்றார் டாக்டர்.

"டாக்டர், நான் பாக்கலாமா?"

"பாக்கணுமா? தையல் போட்டுட்டுக் காட்டறேன், ஆடாம படுங்க."

தையல் முடிந்து துணியை விலக்கியதும் பஞ்சுத் துணியின் மேல் வைத்துக் காட்டினார். பலாச்சுளையைக் கிள்ளி எடுத்ததுபோல மஞ்சளாக, பளபளவென்று இருந்தது. அருவருப்பே வரவில்லை. கை தட்ட வேண்டும்போல இருந்தது.

கட்டியை மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு, அடுத்த கட்டடத்து லேபில் கொடுக்கச் சொல்லி அண்ணியை உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணி பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். டாக்டரின் பார்வை அவள் கழுத்தில் நின்றது.

"இது என்னங்க, மருவா? தாலிச் சரடு உரசி இப்படிச் சிவந்திருக்கு?"

"அது ரொம்ப நாளா கீது டாக்டரு. அப்பப்ப ரத்தம் வரும். வுடுங்க."

"ரெண்டு நிமிஷ வேலை. சுட்டு எடுக்கற மிஷின் தயாரா இருக்கு. படுங்க."

காலையிலிருந்து எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கா? நான் தொணைக்கு வந்தவ டாக்டரு!" என்று கதவைப் பார்த்தாள். நான் பாட்டிலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சரடைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே அதை ஒதுக்கித் தோள்பட்டையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். மரத்துப்போக ஊசி போட்டார்கள்.

"ஐயோ, சுடுதே!" என்று அண்ணி கத்தினாள்.

"இன்னும் மிஷினே போடலைங்க" என்றார் டாக்டர்.

நான் சிரித்ததில் தையல் போட்ட இடம் இழுத்தது. அப்புறம் மிஷின் நிஜமாகவே கொய்யென்றது, முடி பொசுங்கும் நாற்றம் வந்தது, மரு போய்விட்டது. அண்ணி எழுந்து உட்கார்ந்து, "அவ்ளோதானா?" என்று கேட்டாள், ஏமாந்துபோனவள் மாதிரி.

இருவருமாகப் போய்ப் பாட்டிலை லேபில் கொடுத்தோம். திரும்பும் வழியில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் பஸ் நகரவேயில்லை. நெற்றியில் கட்டோடு நானும் கழுத்தில் பிளாஸ்திரியோடு அவளும் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பசி கிளம்பிவிட்டது. மிச்சமிருந்த எலுமிச்சை சாதத்தை அங்கேயே தின்று தீர்த்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் கதவருகிலேயே நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஏம்மே, ஆபரேசன் யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான். போய் ஓட்டல்ல இட்லி வாங்கினு வா. இன்னிக்கு அடுப்பு பத்த வெக்க முடியாது."

அண்ணன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தையல் பிரிக்கப் போன அன்று ரிசல்ட்டும் வந்திருந்தது. கெட்டது எதுவுமில்லை, வெறும் கொழுப்பு என்றார் டாக்டர். அதற்குள் அண்ணி எங்கள் தெரு முழுக்கத் தன் ஆபரேசன் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது எதிர்வீட்டு அக்கா என்னை நிறுத்திப் பாராட்டினாள்: "பரவால்லையே, லீவெல்லாம் போட்டு அண்ணிக்குத் தொணைக்குப் போனியாமே!"