சுகுணா மேடம் பதில் சொல்லாத கேள்வி

பாகாலாவில் பஸ் நின்றிருந்தபோது போன் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கும் லதா. "அக்கா, மேடம் போயாரு" என்றாள் தெலுங்கில். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு மேடம் என்றால் சுகுணா மேடம்தான். திருப்பதிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் இறங்கி, எதிர்ப்பக்கம் சித்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். மாரடைப்பாம். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மனுஷிக்குச் சாக என்ன உரிமை இருந்தது?

அவருடைய வேலை என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்புண்டா என்று தாயின் ரத்தத்தில் பார்ப்பார்கள். ரத்தம் எடுப்பது நான். வந்த முடிவை உட்காரவைத்து விளக்குவது அவர். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுப்பது புருஷனின் போன் நம்பரைத்தான். ரிப்போர்ட் அங்கே போய்விடும். மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் சுமக்கிறவளுக்குத் தெரியும். மேடம் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மற்றவர்களை வெளியே அனுப்புவார். "வயிறு அவளுது. மொதல்ல அவ கேக்கட்டும்" என்பார். அந்தப் பெண்ணிடம் முதலில், "எதாச்சும் துன்னியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரிப்போர்ட்டைத் தொடுவார்.

சாயங்காலமானால் எங்கள் மேசைக்கு ஒரு போன் வரும். "அக்கா பஸ்ஸு ஏறிட்டாளா?" கனமான நாக்கு, சின்னப்பிள்ளைப் பேச்சு. ஏறிவிட்டாள் என்றால்தான் வைக்கும் அந்தக் குரல். யாரென்று ஒருநாள் மேடத்திடம் வற்புறுத்திக் கேட்டேன். "என் தம்பி முரளி. அவனுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். ஆஸ்பத்திரில யாருக்கும் சொல்லாத" என்றார். நாற்பதை நெருங்கும் தம்பி. அப்பா அம்மா போனபின் இவர்தான் எல்லாம். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

நகரியிலிருந்து தேவகி வந்தது போன வருடம். விசைத்தறி வீட்டு மருமகள், அத்தை மகனைக் கட்டியவள். ரிப்போர்ட் வழக்கம்போல அவள் புருஷன் போனுக்குப் போய், வீடே ரெண்டுபட்டிருந்தது. "சொந்தத்துல கட்டிக்கினதாலதான் இப்பிடின்னு சொல்லிக்கினு கீறாங்க மேடம், நெசமா?" என்றாள்.

"இல்லம்மா. யாரும் பண்ண தப்பில்ல இது. இன்னும் இதுதான்னு முடிவும் ஆவல. நூறு இழைல ஒண்ணு அறுந்திருக்கலாம்னு ரத்தம் சொல்லுது. அறுந்திருக்கா இல்லையான்னு வயித்துத் தண்ணி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

பார்த்தார்கள். அறுந்துதான் இருந்தது. மறுபடி வந்த தேவகி, எல்லாப் பெண்களும் கேட்பதைக் கேட்டாள். "நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?" மேடம் தலையாட்டி மறுத்தார். அதற்கு அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. தேவகி விடவில்லை. "பெத்துக்கினா நான் இருக்கிற வரைக்கும் பாத்துக்குவேன். எனக்கப்புறம் யாரு மேடம் பாப்பாங்க?"

ரத்தம் எடுக்கும் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா. இருந்தா, மொதல்ல நானு நிம்மதியா தூங்குவேன்" என்றார். தேவகிக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

தேவகி கருவைக் கலைத்தாள். கடைசிவரை மேடம் அவள் பக்கத்தில் இருந்தார். அன்று மாலை நான் சண்டைக்கே போய்விட்டேன். "தம்பியப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு மனசு மாறியிருக்குமே மேடம். இப்பிடி ஊமையாட்டம் இருக்கறதுக்கு நீங்க எதுக்கு?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எந்த வார்த்தைய சொல்றது? நான் ஊட்டுக்குப் போனா அவன் வாசல்லயே நின்னுக்கினு சிரிக்கிறதையா, அவன் தூங்கினப்புறம் நான் அழுறதையா? எத சொன்னாலும் அது என் முடிவா பூடும். வளக்கவேண்டியவ அவதானே." பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சித்தூர் வீட்டில், வருகிறவர்களுக்கெல்லாம் முரளி சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். அக்கா பழக்கியது. உள்ளே உறவினர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். குப்பத்துச் சித்தப்பாவுக்கு உடம்பு முடியாது. பலமனேர் மாமா, "கொஞ்ச நாளு நான் வச்சிக்கிறேன், அப்புறம் பாக்கலாம்" என்றார். அப்புறம் என்பது எப்போது என்று யாரும் கேட்கவில்லை. முரளி என்னிடம் சொம்பை நீட்டி, "துன்னியாக்கா?" என்றான். அங்கேதான் உடைந்துபோனேன்.

இப்போது பலமனேரில் இருக்கிறான். மேடம் நாற்காலியில் வேறொரு பெண் வந்துவிட்டாள். நல்லவள்தான், எல்லோரையும் வெளியே அனுப்ப மட்டும் கூச்சப்படுகிறாள். அதை இப்போது நான் செய்கிறேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வேலையும், சாயங்காலப் போனும்.

ஆமாம், இன்னும் வருகிறது. "அக்கா பஸ்ஸு ஏறிட்டாளா?" சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருக்கிறீர்களே என்று அவரிடம் சண்டை போட்டவள் நான். போனைப் பிடித்துக்கொண்டு, "துன்னியாடா முரளி?" என்று கேட்கிறேன்.