சிவப்பு அம்பு

எல்லாச் சனிக்கிழமையும் வங்கி திறந்திருந்த காலத்தில், ஆம்பூர் வங்கிக் கிளையில் நான் எழுத்தராக இருந்தபோது, ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் அம்மா ஒருவர் வருவார். விரல் நுனிகளில் பசை காய்ந்திருக்கும். தைத்த ஷூவில் குறை தெரிந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஒட்டுவார். குறை சரியானால் அவரே உரிப்பார். ஒரு சனிக்கிழமை அதே அம்பைத் தன் பாஸ்புக்கில், அபராதம் பிடித்திருந்த வரியின்மேல் ஒட்டிக்கொண்டு வந்தார்.

“சம்பளக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸே வேணாம்னு சொல்லித்தான சார் ஆரம்பிச்சீங்க? அப்புறம் இன்னாத்துக்கு ஃபைன்?”

“கம்ப்யூட்டர் தானா புடிச்சிக்குதும்மா. நான் இன்னா பண்றது?”

“எங்க மிஷினும்தான் தப்பா தைக்குது. பிரிச்சி சரி பண்ணாம ஒரு ஜோடிகூட வெளிய போவாது சார்.”

அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்ததும். அவருக்குப் பின்னால் நின்ற பெண்களும் தங்கள் பாஸ்புக்கைப் புரட்டத் தொடங்கினார்கள்.

நான்காவது வாரம், பணம் திரும்ப வந்த பதிவைப் பார்த்ததும் அம்பை உரித்தார். நன்றி சொல்லவில்லை. அதை என் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்.

அதன் முனை என் நாற்காலியைக் காட்டியது. நான் மாற்றலாகிப் போகும்வரை அதை உரிக்க அவர் வரவில்லை. எனக்கும் துணிச்சல் வரவில்லை.